ஆஸ்துமாவுக்கு ஒரு சாஃப்ட்வேர்: பாடம் நடத்த வேண்டாம், கேள்வி கேட்கட்டும்!

இன்டர்நெட்டில் 'ஆஸ்துமா' என்று தேடிப் பாருங்கள். நுரையீரல் படம் வரும். மூச்சுக்குழாய் சுருங்குவது அனிமேஷனில் ஓடும். எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது என்று யூடியூபில் ஆளுக்கொரு பட்டியல் கொடுப்பார்கள். ஆங்கிலத்திலும் இருக்கிறது, தமிழிலும் இருக்கிறது. தகவலுக்குப் பஞ்சமே இல்லை.

ஆனாலும் ஆஸ்துமா உள்ள பதினைந்து வயதுப் பையன் ஒருவன் இன்ஹேலரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறான். அதன் அருமை தெரியாமல் அல்ல. டாக்டர் சொல்லியிருக்கிறார். அம்மா தினமும் சொல்கிறார். இருந்தும் எடுத்துப் போவதில்லை. ஏன்?

இந்தக் கேள்விக்கு உருப்படியான ஒரு பதில் 2007-ம் ஆண்டு அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்திலிருந்து வந்தது. கம்ப்யூட்டர் வழியாக வந்த பதில் என்பதால் இந்தப் பத்திரிகையில் எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோய் பற்றிய தகவலை அள்ளிக் கொட்டும் வெப்சைட்டால் டீன்-ஏஜ் பிள்ளைகளுக்குப் பெரிய பயன் கிடையாது. பிள்ளையிடம் கேள்வி கேட்டு, கிடைத்த பதிலுக்குத் தகுந்தாற்போல் பேசும் புரோகிராம்தான் வேலை செய்யும்.

இரண்டு மருந்து, ஒரு வயது

முதலில் நோயைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழாய்களின் உட்சுவரில் அழற்சி இருந்துகொண்டே இருக்கும். தூசு, புகை, குளிர்காற்று, சளி, ஓட்டம் என்று ஏதாவது ஒன்று தூண்டினால் குழாய் சுருங்கும். மூச்சு இழுக்கும், நெஞ்சு இறுகும், இருமல் வரும். இதற்கு இரண்டு வகை மருந்து உண்டு. ஒன்று, உள்ளே இருக்கும் அழற்சியைத் தணிக்கும் தடுப்பு மருந்து. பெரும்பாலும் இது ஸ்டீராய்டு இன்ஹேலர். நன்றாக இருக்கும்போதும் டாக்டர் சொன்னபடி எடுக்க வேண்டும். இன்னொன்று, இழுப்பு வந்தவுடன் குழாயை விரித்துவிடும் நிவாரண மருந்து. இது எப்போதும் கைவசம் இருக்க வேண்டும்.

சிக்கல் எங்கே வருகிறது என்று பாருங்கள். தடுப்பு மருந்து எடுத்த உடனே எந்த வித்தியாசமும் தெரியாது. ஒரு நாள் விட்டாலும் ஒன்றும் ஆகாது. ஒரு வாரம் விட்டால்கூடச் சில சமயம் ஒன்றும் தெரியாது. அதனால் விட்டுவிடத் தோன்றும். நிவாரண மருந்தோ உடனே கேட்கும். ஆனால் நண்பர்கள் எதிரில் அதை எடுத்து வாயில் வைக்க வெட்கம்.

ஐந்து வயதுக் குழந்தைக்கு அம்மாவே மருந்து கொடுத்துவிடுவார். நாற்பது வயதுக்காரர் பயத்திலாவது எடுத்துக்கொள்வார். இரண்டுக்கும் நடுவில் பதின்மூன்றிலிருந்து பத்தொன்பது வரை ஒரு காலம் இருக்கிறது. அம்மா சொன்னால் கேட்கிற வயது முடிந்துவிட்டது, தானாகப் பார்த்துக்கொள்கிற வயது இன்னும் வரவில்லை. சிகரெட் பிடித்துப் பார்க்கத் தோன்றுவதும் இதே வயதில்தான். டாக்டர்கள் 'செல்ஃப் மேனேஜ்மெண்ட்' என்று சொல்வதை நாம் தன் நோயைத் தானே பார்த்துக்கொள்வது என்று வைத்துக்கொள்ளலாம். அதைப் பழக வேண்டிய வயது இது. பழகுவதற்கு மிகக் கடினமான வயதும் இதுதான்.

டெட்ராய்ட்டில் என்ன செய்தார்கள்?

டெட்ராய்ட் கார் தொழிலுக்குப் பேர் போன ஊர். மக்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அமெரிக்காவில் வெள்ளையினக் குழந்தைகளைவிடக் கறுப்பினக் குழந்தைகளை ஆஸ்துமா அதிகமாகப் பாதிக்கிறது. மருத்துவமனையில் சேர வேண்டிய நிலையும் அவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது. இந்த ஊரில் இருக்கும் ஹென்றி ஃபோர்டு மருத்துவ நிறுவனத்தில் கிறிஸ்டின் ஜோசப் என்ற ஆராய்ச்சியாளரும் அவர் குழுவினரும் ஒரு வெப் புரோகிராம் தயாரித்தார்கள். அதன் பெயர் 'பஃப் சிட்டி'. நகரத்து உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காகவே எழுதப்பட்டது.

பள்ளியில் இருக்கும் கம்ப்யூட்டரிலேயே மாணவர்கள் இதைப் பயன்படுத்தினார்கள். மொத்தம் நான்கு பாடங்கள். ஆஸ்துமா பற்றி எல்லாவற்றையும் சொல்லித் தர முயலாமல், மூன்றே மூன்று விஷயங்களைக் குறிவைத்தார்கள். தடுப்பு மருந்தை ஒழுங்காக எடுக்கிறாயா? நிவாரண இன்ஹேலர் கைவசம் இருக்கிறதா? சிகரெட் பிடிக்கிறாயா? அவ்வளவுதான்.

இது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்க்க 314 மாணவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். சராசரி வயது 15-ஐச் சற்றுத் தாண்டும். 98 சதவீதம் பேர் கறுப்பின மாணவர்கள். ஏறக்குறைய பாதிப் பேர் மெடிக்கெய்ட் எனப்படும், வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவ உதவித் திட்டத்தில் இருந்தவர்கள். யார் எந்தக் குழு என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு பஃப் சிட்டி. இன்னொரு குழுவுக்கு ஏற்கெனவே இன்டர்நெட்டில் இருந்த பொதுவான ஆஸ்துமா வெப்சைட்டுகள்.

இந்த இடத்தை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். இரண்டாவது குழுவை வெறுமனே விட்டுவிடவில்லை. அவர்களுக்கும் கம்ப்யூட்டர் இருந்தது, இன்டர்நெட் இருந்தது, ஆஸ்துமா பற்றிய தகவல் இருந்தது. வித்தியாசம் ஒன்றுதான். ஒரு பக்கம் எல்லாருக்கும் ஒரே பாடம். மறுபக்கம் ஆளுக்குத் தகுந்த பாடம்.

ஒரு வருடம் கழித்து

12 மாதம் கழித்துக் கணக்கெடுத்தார்கள். பொது வெப்சைட் பார்த்த குழுவோடு ஒப்பிட்டால், பஃப் சிட்டி குழுவினருக்கு அறிகுறி தெரிந்த நாட்கள் ஏறக்குறைய பாதியாக இருந்தன. இரவில் தொல்லைப்பட்டது அதைவிடக் குறைவு, 0.4 மடங்கு. ஆஸ்துமாவால் பள்ளிக்குப் போகாத நாட்கள் 0.3 மடங்கு. ஆஸ்துமாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்ததும் நன்றாகக் குறைந்திருந்தது. புரோகிராமை நடத்த ஆன செலவு ஒரு மாணவருக்கு 6.66 டாலர் என்று கணக்கிட்டார்கள். இந்த முடிவு 2007-ல் அமெரிக்காவின் முக்கியமான நுரையீரல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்தது.

உடனே கை தட்டிவிட வேண்டாம். இவை பெரும்பாலும் மாணவர்கள் தாங்களே சொன்ன கணக்கு. 6.66 டாலர் என்பது நடத்துகிற செலவு. உருவாக்குகிற செலவு தனி. 2013-ல் இதே குழு 422 மாணவர்களைக் கொண்டு மறுபடியும் ஒரு சோதனை முடிவை வெளியிட்டது. அதில் ஒட்டுமொத்தப் பலன் முதல் தடவையைவிட மிதமாகத்தான் இருந்தது. எந்த மருத்துவச் சோதனையிலும் இப்படி ஏற்ற இறக்கம் இருக்கும். ஆனாலும் ஒன்று தெளிவாகிறது. தகவல் மட்டும் போதும் என்றால், முதல் சோதனையில் இரண்டு குழுவும் சமமாக வந்திருக்க வேண்டும். வரவில்லை.

தையல்காரர் வேலை

அந்தப் புரோகிராமுக்குள் அப்படி என்னதான் இருந்தது? ஆங்கிலத்தில் இந்த முறைக்கு 'டெய்லரிங்' என்று பெயர். பொருத்தமான பெயர். ரெடிமேட் கடையில் உங்களுக்குச் சட்டை அளவு எடுக்க மாட்டார்கள். தையல்காரர் எடுப்பார். அதே போல இந்தப் புரோகிராம் முதலில் கேள்வி கேட்டு அளவெடுத்துக்கொள்கிறது.

சாஃப்ட்வேர் எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இதில் மந்திரம் எதுவும் கிடையாது. 'இப்படியென்றால் இது, இல்லையென்றால் அது' என்று நாம் முதல் வருடத்திலேயே படித்த 'இஃப்-எல்ஸ்' சமாச்சாரம்தான் அடிப்படை. ஆனால் எதைக் கேட்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். இது பஃப் சிட்டியில் வந்தது அல்ல, விளங்குவதற்காக நானே எழுதியது. "நிவாரண இன்ஹேலர் இப்போது எங்கே இருக்கிறது?" என்று ஸ்கிரீனில் கேள்வி. பையில், வீட்டில், தீர்ந்துபோய்விட்டது, தெரியாது என்று நான்கு பதில்கள். ஒரு பெண் 'வீட்டில்' என்பதை கிளிக் செய்கிறாள். அடுத்த கேள்வி, "ஏன்?" மறந்துவிடுகிறேன், யாராவது பார்த்தால் கேட்பார்கள், எனக்கு அது தேவையில்லை, வீட்டில் ஒன்றுதான் இருக்கிறது. மறுபடியும் நான்கு பதில்கள்.

'மறந்துவிடுகிறேன்' என்றால், நேற்று ராத்திரியே ஜியாமெட்ரி பாக்ஸ் பக்கத்தில் வைத்துவிடு என்று சொல்லலாம். 'பார்த்தால் கேட்பார்கள்' என்றால், நினைவூட்டல் அலாரத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. தோழிகளிடம் ஒரே வரியில் எப்படிச் சொல்வது என்று காட்ட வேண்டும். 'ஒன்றுதான் இருக்கிறது' என்றால் பேச வேண்டியது அவளிடம் அல்ல. பள்ளிக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று கிடைக்குமா என்று டாக்டரிடம் அல்லது பெற்றோரிடம் பேச வேண்டும். பார்த்தீர்களா? ஒரே தவறுதான். காரணம் நான்கு. மருந்தும் நான்கு. பொது வெப்சைட் இந்த நான்கு பேருக்கும் 'இன்ஹேலரை எப்போதும் உடன் வைத்திருங்கள்' என்று ஒரே வரியைச் சொல்லிவிட்டுப் போய்விடும். ஒருவருக்கும் பயன்படாது.

பஃப் சிட்டியில் நான் ரசித்த விஷயம் ஒன்று உண்டு. மாணவரின் பதிலை மற்ற மாணவர்களின் பதிலோடு ஒப்பிட்டுக் காட்டும். அவரே போன தடவை சொன்ன பதிலோடும் ஒப்பிட்டுக் காட்டும். 'நீ மட்டும் இப்படி இல்லை' என்பதும், 'போன மாதத்தைவிட நீ தேறியிருக்கிறாய்' என்பதும் அந்த வயதில் டாக்டர் சொல்வதைவிட ஆழமாக இறங்கும். எழுத்தை மட்டும் நம்பாமல் குரலிலும் பேச வைத்தார்கள். படிக்கத் தடுமாறும் பிள்ளையும் பின்தங்கிப் போகவில்லை.

இன்னொன்று, பின்னால் ஒரு மனிதரும் இருந்தார். டாக்டரே இல்லாத மாணவர், மருந்து வாங்க வழியில்லாத மாணவர் என்று தெரியவந்தால் தகுந்த இடத்துக்கு அனுப்பி உதவ ஒருவரை நியமித்திருந்தார்கள். வெறும் ஸ்கிரீனோடு விட்டுவிடவில்லை.

சட்டம் கேட்காத கேள்வி

அமெரிக்காவில் ஆஸ்துமா மாணவர்கள் இன்ஹேலரைத் தாங்களே வைத்துக்கொண்டு பயன்படுத்த 50 மாநிலங்களிலும் அனுமதி உண்டு. மத்திய அரசும் 2004-ல் இதை ஊக்குவிக்க ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதற்கு முன் பல பள்ளிகளில் இன்ஹேலர் அலுவலக அலமாரியில் பூட்டிக் கிடக்கும். இழுப்பு வந்த பிள்ளை அங்கே ஓட வேண்டும். எனவே இது நல்ல சட்டம்தான்.

ஆனால் சட்டம் அனுமதி கொடுக்கும், பையைத் திறந்து பார்க்காது. பையில் இருக்கிறதா என்று தினம் கேட்டால் அம்மாவும் ஆசிரியரும் போலீஸ் மாதிரி தெரிவார்கள். கம்ப்யூட்டர் கேட்டால் அப்படித் தெரிவதில்லை. அது முகம் சுளிக்காது, பெருமூச்சு விடாது, பக்கத்து வீட்டுப் பையனோடு ஒப்பிடாது. 'சிகரெட் பிடிக்கிறாயா?' என்ற கேள்வியை யோசித்துப் பாருங்கள். வீட்டுக் கூடத்தில் வைத்துக் கேட்டால் எந்தப் பிள்ளையும் உண்மை சொல்லாது. மவுஸ் கையில் இருந்து, பக்கத்தில் யாரும் இல்லை என்றால் சொல்லக்கூடும். டீன்-ஏஜ் ஆரோக்கியத்தில் கம்ப்யூட்டருக்கு உள்ள தனிப் பலமே இதுதான் என்பேன்.

ஆப் வந்தது, கேள்வி போனது

இப்போது எல்லார் கையிலும் ஸ்மார்ட்போன். ஆஸ்துமாவுக்கு என்று ஆப் கடைகளில் ஏகப்பட்ட ஆப்கள். இன்ஹேலரின் தலையில் மாட்டும் சென்சார்கூட வந்துவிட்டது. எத்தனை தடவை அழுத்தினார் என்பதை அது புளூடூத் வழியாக போனுக்கு அனுப்பும். இந்தச் சென்சார்களைத் தயாரிக்கும் புரொப்பெல்லர் ஹெல்த் என்ற அமெரிக்க கம்பெனியை 2019-ல் ரெஸ்மெட் நிறுவனம் வாங்கியது. வாங்கிய விலை 22.5 கோடி டாலர். பணம் புரளும் துறையாகிவிட்டது.

வசதி பெருகியது நல்லதுதான். ஆனால் பல ஆப்களைத் திறந்து பார்த்தால் நினைவூட்டல் அலாரம், டைரி, அழகான கிராஃப், ஒரு 'டிப்ஸ்' பக்கம். அவ்வளவுதான். பிள்ளை ஏன் மருந்தை எடுக்கவில்லை என்று கேட்பதே இல்லை. எண்ணத் தெரிகிறது, விசாரிக்கத் தெரியவில்லை. அலாரத்தை மூன்றாவது நாள் ஆஃப் செய்துவிடுவது எந்தப் பதினாறு வயதுக்கும் தெரிந்த வித்தை.

இதைவிடக் கவலை தருவது இன்னொன்று. பிள்ளை சொன்ன பதில் எங்கே போகிறது? 2023-ம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் எஃப்.டி.சி. என்ற வர்த்தக ஆணையம், மருந்து விலைத் தள்ளுபடிக்குப் பேர் போன குட்ஆர்எக்ஸ் நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. பயன்படுத்துவோரின் உடல்நலத் தகவலை ஃபேஸ்புக், கூகுள் போன்ற விளம்பர நிறுவனங்களோடு பகிர்ந்துகொண்டதாகக் குற்றச்சாட்டு. 15 லட்சம் டாலர் அபராதம் கட்ட அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. பெரியவர்களின் மருந்துச் சீட்டுக்கே இந்தக் கதி. 'நான் சிகரெட் பிடிக்கிறேன்' என்று ஒரு பதினாறு வயதுப் பிள்ளை நம்பிச் சொன்ன பதில் விளம்பரக்காரர் கைக்குப் போனால், அந்தப் பிள்ளை அடுத்த தடவை எந்த ஸ்கிரீனுக்கும் உண்மை சொல்லாது. கேள்வி கேட்கும் புரோகிராமின் உயிரே நம்பிக்கைதான்.

நம் நாட்டில் 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் குறைந்த எல்லாரையும் குழந்தை என்கிறது. அவர்களின் தகவலைப் பெறப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்றும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது என்றும் சொல்கிறது. பெற்றோர் ஒப்புதல் கொடுப்பது சரி. ஆனால் ஒப்புதல் கொடுத்ததாலேயே பிள்ளையின் ஒவ்வொரு பதிலையும் பெற்றோர் எடுத்துப் படிப்பது சரியா? சரியில்லை என்பது என் கருத்து. உயிருக்கு ஆபத்து என்றால் பெற்றோருக்குத் தகவல் போகட்டும். மற்றது பிள்ளைக்கும் டாக்டருக்கும் இடையில் இருக்கட்டும். இதைப் புரோகிராம் எழுதும்போதே முடிவு செய்து, முதல் ஸ்கிரீனில் பிள்ளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

பழைய பாடம் ஆபத்தான பாடம்

வெப்சைட் எழுதுகிறவர்கள் மறந்துபோகும் விஷயம் ஒன்று. மருத்துவம் மாறிக்கொண்டே இருக்கிறது. ஆஸ்துமாவுக்கான உலக அளவிலான வழிகாட்டுதலை வெளியிடும் 'ஜினா' அமைப்பு 2019-ல் ஒரு பெரிய மாற்றம் செய்தது. 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, உடனே குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் போன்ற குறுகிய நேர நிவாரண மருந்தை மட்டும் தனியாகக் கொடுத்து வைத்தியம் செய்வதை இனிப் பரிந்துரைப்பதில்லை என்று அறிவித்தது. எவ்வளவு லேசான ஆஸ்துமாவாக இருந்தாலும் அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தும் சேர்ந்தே போக வேண்டும் என்பது அதன் பரிந்துரை.

இப்போது 2005-ல் எழுதிய ஒரு ஆஸ்துமா பக்கம் அப்படியே இன்டர்நெட்டில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'லேசான ஆஸ்துமாவா? இழுப்பு வரும்போது மட்டும் நிவாரண மருந்து எடுத்தால் போதும்' என்று அது இன்றும் சொல்லிக்கொண்டிருக்கும். தேடினால் அதுவும் வரும். அந்தக் காலத்தில் ஃப்ளாஷில் செய்த மல்டிமீடியா பாடங்கள் ஃப்ளாஷ் 2020 டிசம்பரோடு நிறுத்தப்பட்டபோது ஓடாமல் போயின. ஒருவிதத்தில் அதுவே மேல். ஓடாத பாடம் யாரையும் கெடுக்காது. ஓடிக்கொண்டே இருக்கும் பழைய பாடம்தான் கெடுக்கும்.

எனவே எந்த ஹெல்த் வெப்சைட்டாக இருந்தாலும், எந்த ஆப்பாக இருந்தாலும், கடைசியாக எப்போது திருத்தப்பட்டது, எந்த வழிகாட்டுதலின்படி எழுதப்பட்டது என்ற இரண்டு வரி கண்ணில் படும்படி இருக்க வேண்டும். இல்லையென்றால் மூடிவிடுங்கள்.

கம்ப்யூட்டரால் முடியாதது

இதை வாசிக்கும் சிலர் கேட்கலாம், 'காற்றைக் கெடுப்பவன் ஒருவன், அதற்குப் பாடம் படிப்பவன் இன்னொருவனா?' நியாயமான கேள்வி. டெட்ராய்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கனடாவுக்குப் போகும் அம்பாஸடர் பாலத்தில் லாரிகள் வரிசைகட்டிப் போகும். அதன் பக்கத்திலேயே குடியிருப்புகள். ஊருக்குள் இருந்த பெரிய குப்பை எரிப்பு ஆலையின் புகையையும் நாற்றத்தையும் எதிர்த்து மக்கள் வருடக்கணக்கில் போராடினார்கள். 2019 மார்ச்சில்தான் அது மூடப்பட்டது. இந்தப் புகையை எந்த சாஃப்ட்வேராலும் சுத்தம் செய்ய முடியாது.

'நோயை நீயே பார்த்துக்கொள்' என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது, 'நோய் உன் தப்பு' என்று சொல்வதாக மாறிவிடக் கூடாது. மருந்து வாங்கக் காசில்லாத வீட்டில் போய் அலாரம் அடித்துப் பயனில்லை. பஃப் சிட்டிக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார் என்று சொன்னேனே, அதற்கு அர்த்தம் இதுதான். புரோகிராம் கேள்வி கேட்கலாம். பதிலில் வறுமை தெரிந்தால் எழுந்து போய் உதவ ஆள் வேண்டும். காற்றுக்காகக் குரல் கொடுப்பதும் வேண்டும், அதுவரை மூச்சுவிடக் கற்றுக்கொள்வதும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தள்ளிப்போட முடியாது.

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில்

நம் வீடுகளில் ஆஸ்துமா என்ற சொல்லையே தவிர்த்து 'வீசிங்' என்றுதான் சொல்வோம். 'இன்ஹேலர் போட்டால் பழகிவிடும்' என்ற பயம் இன்றும் இருக்கிறது. பெண் பிள்ளை என்றால் வெளியே தெரியாமல் மறைப்பதும் உண்டு. இப்படிப்பட்ட நம் வீட்டுக் காரணங்களைத் தெரிந்து, தமிழில் கேள்வி கேட்கும் புரோகிராம் வேண்டும். டெட்ராய்ட் புரோகிராமை அப்படியே மொழிபெயர்த்தால் சரிவராது. அது அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.

அப்படி ஒன்று வரும்வரை, வீட்டிலேயே ஒரு சின்ன வேலை செய்யலாம். 'பீக் ஃப்ளோ மீட்டர்' என்று ஒரு எளிய குழாய்க் கருவி மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. மூச்சை இழுத்து வேகமாக ஊதினால் எண் காட்டும். உங்கள் பிள்ளைக்கு அது தேவையா, எப்படி ஊத வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு எக்செல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரெ ஆபீஸ் கால்க் திறந்துகொள்ளுங்கள்.

1. முதல் காலத்தில் தேதி, இரண்டாவதில் காலை அளவு, மூன்றாவதில் மாலை அளவு என்று தலைப்பு கொடுங்கள். ஒவ்வொரு வேளையும் மூன்று தடவை ஊதி, அதில் பெரிய எண்ணை மட்டும் பதியவும்.

2. பிள்ளை நன்றாக இருக்கும் இரண்டு வாரத்தில் கிடைத்த மிக உயர்ந்த எண்தான் அவருடைய 'சொந்தச் சாதனை'. அதைத் தனியாக ஒரு செல்லில் எழுதிக்கொள்ளுங்கள். உதாரணமாக 400.

3. அதில் 80 சதவீதம், அதாவது 320-ம் அதற்கு மேலும் பச்சை. 50 முதல் 80 சதவீதத்துக்குள், அதாவது 200-லிருந்து 320-க்குள் மஞ்சள். 200-க்குக் கீழே சிவப்பு. 'கண்டிஷனல் பார்மேட்டிங்' வசதியில் இந்த மூன்று விதியையும் கொடுத்துவிட்டால் எண்ணைப் பதிந்தவுடன் செல் தானாக நிறம் மாறும்.

4. நான்காவது காலம்தான் முக்கியம். தலைப்பு, 'இன்று இன்ஹேலர் எங்கே இருந்தது?' ஐந்தாவது, 'மருந்து எடுக்கவில்லையென்றால் ஏன்?' இதைப் பிள்ளையே எழுதட்டும்.

மஞ்சள் வந்தால் என்ன செய்வது, சிவப்பு வந்தால் என்ன செய்வது என்பதை டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி வைத்திருங்கள். சிவப்பு வந்து, நிவாரண மருந்துக்கும் அடங்கவில்லை என்றால் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஃபைலுக்கு பாஸ்வேர்டு போடுவது பிள்ளையின் உரிமை. நிறத்தை மட்டும் உங்களுக்குக் காட்டினால் போதும் என்று ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். டாக்டரிடம் போகும்போது பிள்ளையே பிரிண்ட் எடுத்துக்கொண்டு போகட்டும். அங்கே நீங்கள் பேசாமல் அவரைப் பேச விடுங்கள்.

எழுதப் போகிறவர்களுக்கு

சாஃப்ட்வேர் படித்துவிட்டு ஏதாவது உபயோகமாக எழுத வேண்டும் என்று நினைக்கும் இளைஞர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். ஒரு நுரையீரல் மருத்துவரையும், ஆஸ்துமா உள்ள பத்துப் பிள்ளைகளையும் பிடியுங்கள். அவர்கள் மருந்து எடுக்காததற்குச் சொல்லும் காரணங்களை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். கோடிங் அப்புறம். மூன்று பழக்கத்தை மட்டும் குறிவையுங்கள். தமிழில் குரலோடு பேச வையுங்கள். விலை குறைந்த போனிலும், பள்ளிக் கம்ப்யூட்டரிலும், நெட் இல்லாதபோதும் ஓட வேண்டும். விளம்பரம் வேண்டாம். பதிலை யாருக்கும் விற்க வேண்டாம். திருத்திய தேதியை முதல் பக்கத்தில் போடுங்கள். பின்னால் உதவி செய்ய ஒரு மனிதரை வையுங்கள்.

செயற்கை நுண்ணறிவு எல்லாம் வந்துவிட்ட காலத்தில் 'இஃப்-எல்ஸ்' புரோகிராம் பற்றி எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். எந்தப் பதிலுக்கு என்ன சொல்லும் என்று டாக்டர் ஒருவர் முன்கூட்டியே படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடக்கூடிய புரோகிராம்தான் மருந்து விஷயத்தில் எனக்கு நம்பிக்கை தருகிறது. 'இன்ஹேலர் எங்கே இருக்கிறது, ஏன் அங்கே இருக்கிறது?' என்று திட்டாமல் கேட்டு, பதிலைப் பொறுமையாக வாங்கிக்கொள்ளும் ஒன்று இருந்தால் நிறையப் பிள்ளைகள் ராத்திரி நிம்மதியாகத் தூங்குவார்கள். அதை எழுதுவதற்கு வேண்டிய கம்ப்யூட்டர் உங்கள் மேஜையிலேயே இருக்கிறது.